சட்டைப்பையில் அடங்கும் சாக்பீஸ் ஹோல்டர்: நம்மூர் சாக்பீஸுக்கு எப்படிச் செய்வது?

கேள்வி இதுதான்: உங்கள் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாள் முழுக்க போர்டில் எழுதி விரல் நுனி வறண்டு வெடிக்கிறது. இணையத்தில் வாங்கிய ஹோல்டரில் நம்மூர் சாக்பீஸ் ஒன்று லொடலொடவென்று ஆடுகிறது, இல்லையென்றால் உள்ளே இருக்கும் கொக்கி பட்டு உடைகிறது. தெரிந்த லேத் பட்டறை ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, சட்டைப்பையிலோ கைப்பையிலோ போட்டுக்கொள்ளும்படியான ஒன்றை அங்கே செய்ய முடியுமா, அதுவே மகளின் கிரேயானுக்கும் ஆகுமா என்கிறீர்கள். நான் டூல்ரூமில் (தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சு, கருவிகளைச் செய்யும் பிரிவு) வேலை பார்த்தவன், அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்கிறேன்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் டப்பாவிலிருந்து நாலைந்து சாக்பீஸை எடுத்து வெர்னியரில் இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். ஒரு முனை 10 மி.மீ. பக்கம் இருக்கும், மறுமுனை 8 மி.மீ.க்கு அருகில் நிற்கும். நம்மூர் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றிச் செய்வது. இறுகிய பிறகு அச்சிலிருந்து உருவி எடுக்க வேண்டுமே, அதற்காகவே ஒரு பக்கம் லேசாகக் குறுகிய வாக்கில் அச்சைச் செய்கிறார்கள். 80 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. தேய்ந்து அடுத்த 10 மி.மீ.யை வெளியே இழுக்கும்போது பிடிக்கிற இடத்தின் விட்டம் கால் மில்லிமீட்டர் மாறிவிடுகிறது.

கால் மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. கிளட்ச் பென்சில் பார்த்திருப்பீர்கள், பின்னால் அழுத்தினால் வாய் திறந்து முள் (எழுதும் லெட்) இறங்கும். 2 மி.மீ., 5.6 மி.மீ. என்று முள்ளின் விட்டம் துல்லியமாக ஒரே அளவில் வருவதால்தான் அந்தச் சின்ன வாய் அதை நம்பிக்கையாகப் பிடிக்கிறது. அதே பொறியைப் பெரிதாக்கிச் சாக்பீஸுக்கு வைத்தால், முதல் பாதி இறுக்கமாகவும் இரண்டாம் பாதி தொளதொளவென்றும் இருக்கும். கடையில் கிடைக்கும் பல ஹோல்டர்களில் நடப்பது இதுதான். அமெரிக்க வகுப்பறை சாக்பீஸ் 9.5 மி.மீ., ஜப்பானியத் தயாரிப்புகள் 11 மி.மீ. பக்கம். அவை பெரும்பாலும் நெடுக ஒரே விட்டமாக இருக்கும். அந்த அளவுக்குச் செய்த ஹோல்டரில் நம் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஹோல்டர் சரியில்லை என்பது பாதி உண்மைதான். ஆக, உங்களுக்கு வேண்டிய ‘அட்ஜஸ்ட்மென்ட்’ வெவ்வேறு கம்பெனி சாக்பீஸுக்காக மட்டும் இல்லை. ஒரே சாக்பீஸ் எழுதித் தீர்வதற்குள்ளேயே அது பலமுறை தேவைப்படும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி முடிவுகள் தானாகவே வரும்.

அடுத்தது, சாக்பீஸ் ஏன் உடைகிறது என்பது. நேராக அமுக்கினால் அது நன்றாகவே தாங்கும். வளைத்தால் பட்டென்று போய்விடும், ஏனென்றால் வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, இழுவிசைக்குச் சாக்பீஸ் மகா பலவீனம். பிடியிலிருந்து எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவிசை ஏறும். விரலில் பிடித்து எழுதும்போது 40 மி.மீ. நீண்டிருந்தால், ஹோல்டரில் 10 மி.மீ. மட்டும் நீட்டி எழுதும்போது அதே கை அழுத்தத்துக்குக் கால்வாசி இழுவிசைதான் வரும். விட்டத்தின் கணக்கு இன்னும் கடுமையானது, அது மூன்றடுக்கில் ஏறும். 8 மி.மீ. முனையைவிட 10 மி.மீ. முனை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும். விரலைச் சுத்தமாக வைப்பது ஹோல்டரின் பாதி வேலைதான், மறுபாதி நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறைப்பது. அதனால் வாயிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வெளியே விட வேண்டியிராத மாதிரி செய்ய வேண்டும்.

இத்தனை செய்தும் உடைகிறதென்றால் தப்பு பிடிக்கிற விதத்தில் இருக்கும். நீங்கள் வாங்கியதில் மூன்று சின்னக் கொக்கிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை சாக்பீஸை மூன்று புள்ளிகளில் குத்துகின்றன. அந்தப் புள்ளிகளில் விழும் கீறலிலிருந்துதான் விரிசல் தொடங்கும். பக்கத்தில் ஒரு ஸ்குரூ வைத்து இறுக்கும் யோசனையை லேத்காரரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது இதைவிட மோசம். சுற்றிலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கும் நீளம் சாக்பீஸின் விட்டத்தைவிடக் குறையாமல், 12 மி.மீ.யாவது இருக்கட்டும். வாயின் உள்விளிம்பைக் கூராக விடக் கூடாது, அரை மில்லிமீட்டராவது உருட்டிவிட வேண்டும். சாக்பீஸ் எப்போதும் அந்த விளிம்பில்தான் ஒடியும்.

இதற்கான விடையை ஓவியர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சுண்ணத் துண்டுகளால் வரைந்தவர்கள் ‘போர்ட் கிரேயான்’ என்ற ஒரு கருவியை வைத்திருந்தார்கள். பித்தளைக் குழாய், இரு முனையும் நீளவாக்கில் பிளந்திருக்கும், ஒவ்வொரு முனையிலும் நகரும் வளையம் ஒன்று. சுண்ணத்தைச் செருகி வளையத்தை முன்னால் தள்ளினால் பிளவுகள் மூடிக்கொண்டு இறுக்கும். ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் வெள்ளை என்று வைத்துக்கொண்டு கருவியைத் திருப்பித் திருப்பி வரைவார்கள். அவர்கள் பயன்படுத்தியது மண்ணிலிருந்து வெட்டியெடுத்து அறுத்த இயற்கைத் துண்டு, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதனால் எந்தத் தடிமனுக்கும் ஒத்துப்போகும் பிடி அவர்களுக்கு வேண்டியிருந்தது. நம்முடைய சிக்கலும் அதுதான். 1822-இல் லண்டனில் சாம்ப்சன் மோர்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் முள்ளை முன்னே தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, அளவெடுத்த முள், அளவெடுத்த பொறி என்று உலகம் வேறு வழியில் போய்விட்டது. நமக்கு அந்த வழி சரிப்படாது, பழைய வளையமே போதும்.

‘டிக்’ என்று அழுத்தினால் சாக்பீஸ் வெளியே வர வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கவனித்தேன். ஆசை நியாயமானதுதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பிரிங், உள்ளே ஓடும் தண்டு, குறுகலான சரிவு எல்லாமே மாவு புகாத இடத்துக்கு ஏற்றவை. இங்கே கருவியின் உள்ளேயே மாவு உற்பத்தியாகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகிக் கிடைக்கும் ஜிப்சம் மென்மையானது, நகத்தாலேயே கீறலாம், அதனால் உலோகத்தைத் தேய்த்துவிடும் என்ற பயம் வேண்டாம். அது இண்டுகளில் போய் அடைந்து, வியர்வையும் மழைக்காலத்து ஈரமும் பட்டுக் கட்டிப்படும் என்பதுதான் தொல்லை. சன்னமான மரை இருந்தால் முதலில் அதுதான் மாட்டிக்கொள்ளும். அப்படியும் நட்டு வைத்து இறுக்கும் வகைதான் வேண்டுமென்றால் மரை வெளிப்பக்கத்தில், சாக்பீஸ் ஓடும் வழியில் படாமல் இருக்கட்டும், பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.5 மி.மீ.க்குக் குறையவே வேண்டாம். வளையத்துக்கு இந்தக் கவலையே இல்லை. பழைய டூத் பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்தால் சுத்தம். ஒரே கையில் கட்டைவிரலால் தள்ளியும் விடலாம். டஸ்டர் ஒரு கையிலும் ஹோல்டர் மறுகையிலுமாக நிற்கிறவருக்கு இது பெரிய வசதி.

சைக்கிள் டியூபை வெட்டி வாயின் உள்ளே ஒட்டினால் நன்றாகப் பிடிக்குமே என்று யாராவது சொல்வார்கள். புதிதில் பிடிக்கும். பிறகு ரப்பரில் மாவு படிந்து வழுக்கத் தொடங்கிவிடும். பஞ்சர் கடையில் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாக்கல் பவுடர் தூவுவார்களே, அதே சங்கதி. ரப்பருக்குப் பதில் வாயின் உட்சுவரில் குறுக்கு வாக்கில் மூன்று நான்கு சன்னமான பள்ளங்கள் போடச் சொல்லுங்கள். மாவு அந்தப் பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ள, மேடான பகுதி பிடித்துக்கொள்ளும்.

இப்போது வளைகிற விரல்களுக்கு வருவோம். வடிவமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழாயின் முன்பகுதியைப் பிளந்து நாலு விரலாக்குகிறோம். வளையம் முன்னே போகும்போது விரல்கள் உள்ளே வளைய வேண்டும், பின்னே வந்ததும் தானாகத் திறக்க வேண்டும். விரலின் நீளம் இரட்டித்தால், அதே அழுத்தத்தில் அது எட்டு மடங்கு வளையும். 15 மி.மீ. விரல் வைத்துவிட்டு ‘இறுகவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 30 மி.மீ. வைத்துப் பார்த்தால் போதும். பொருளைப் பொறுத்தவரை பித்தளையைவிட டெல்ரின் என்ற உறுதியான பிளாஸ்டிக் நல்லது என்பது என் அபிப்பிராயம். பித்தளையில் சுவரை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தால்தான் வேண்டிய அளவு வளையும், யாராவது மிதித்துவிட்டால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். டெல்ரின் நிறைய வளைந்து பழைய இடத்துக்கே திரும்பும், கடைசல் பிடிப்பதும் சுலபம், ராடாகவே கிடைக்கும். வளையம் மட்டும் பித்தளையில் இருக்கட்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று பிளவின் அகலம். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் பிளவு ஒரு மில்லிமீட்டர்தான் வரும். நாலு பிளவும் முழுக்க மூடினாலும் சுற்றளவில் 4 மி.மீ. குறையும், அதாவது விட்டத்தில் வெறும் 1.3 மி.மீ. அதற்கு மேல் வளையத்தை என்ன தள்ளினாலும் விரல்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது 8-லிருந்து 10.5 மி.மீ. வரை, அதாவது விட்டத்தில் 2.5 மி.மீ. மாற்றம். அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவில் கிட்டத்தட்ட 8 மி.மீ. வருகிறது. நாலு பிளவுக்குப் பங்கிட்டால் தலா 2 மி.மீ., கொஞ்சம் தாராளமாக 2.5 மி.மீ. ஸ்லிட்டிங் கட்டரால் போடச் சொல்லுங்கள். அகலமான பிளவுக்கு இன்னொரு லாபமும் உண்டு: மாவு உள்ளே தங்காமல் அதன் வழியாகவே உதிர்ந்துவிடும்.

லேத்காரரிடம் இப்படிச் சொல்லலாம். 18 மி.மீ. டெல்ரின் ராடில் 42 மி.மீ. துண்டு. பின்பக்கம் 12 மி.மீ. நீளம் உடம்புக் குழாய்க்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்குக் கடைந்துவிட வேண்டும். மீதி 30 மி.மீ. விரல்கள். வெளிப்பக்கம் அடியில் 14 மி.மீ., முன்னால் போகப் போகப் பருத்து 17 மி.மீ. வளையம் ஓடும் தூரம் 22 மி.மீ. என்று வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 4 டிகிரி சரிவு வரும். இந்தக் கோணம் முக்கியம். சரிவு இவ்வளவு குறைவாக இருந்தால் வளையம் உராய்விலேயே பூட்டிக்கொண்டு நிற்கும், நாம் பின்னுக்கு இழுத்தால்தான் நகரும். ஓடும் தூரத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்து 12, 15 டிகிரி வைத்தால், எழுத எழுத வளையம் பின்னால் வழுக்கி வந்துவிடும். நுனியில் வளையம் கழன்று விழாமல் இருக்க ஒரு சின்ன உதடு விட்டுவிடலாம். பிளவு முடியும் அடிப்பகுதியில் முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டுப் பிறகு அதுவரை அறுக்க வேண்டும். சதுர முனையோடு விட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஏறும்.

உள்துளையில் ஒரு சூட்சுமம் உண்டு. பிளக்கும் முன்பே நேராகத் துளைத்துவிட்டால், விரல்கள் உள்ளே சாயும்போது நுனி மட்டும் சாக்பீஸைக் கவ்வும், பின்பகுதி காற்றில் நிற்கும். விளைவு, அந்த விளிம்பிலேயே ஒடியும். அதனால் வாய்ப்பகுதியை முதலில் 9.5 மி.மீ.க்கு மட்டும் துளைத்து, அதற்குப் பின்னால் 11 மி.மீ. ஆக்கிக்கொண்டு, பிளவுகளையும் போட்டுவிட வேண்டும். பிறகு பிளவுகளில் 1.25 மி.மீ. தகட்டுத் துண்டுகளைச் செருகி, வெளியே ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, விரல்கள் பாதி மூடிய அந்த நிலையில் வாயிலிருந்து 12 மி.மீ. ஆழத்துக்கு 9 மி.மீ. விட்டமாகக் கடைந்துவிட வேண்டும். கிளிப்பைக் கழற்றினால் வாய் பத்தரை மி.மீ. அளவுக்குத் திறக்கும், முழுக்க மூடினால் எட்டுக்கும் கீழே போகும், நடுவில் 9 மி.மீ.யில் முழு நீளமும் ஒட்டிப் பிடிக்கும். சாக்பீஸ் அதிக நேரம் கழிப்பது அந்த நடு அளவில்தானே. டூல்ரூமில் இருந்தவர் என்றால் இந்தப் பத்தியைச் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டிவிடுவார்.

உடம்புக்கு அலுமினியக் குழாய். பித்தளை பார்க்க அழகுதான், ஆனால் 16 மி.மீ. வெளிவிட்டம், 13 மி.மீ. உள்விட்டம், 100 மி.மீ. நீளம் உள்ள குழாய் பித்தளையில் 58 கிராம் வரும், அலுமினியத்தில் 18 கிராம்தான். சட்டைப்பை தொங்கிப்போகும் என்பதைவிட, நாள் முழுக்கத் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எழுதுகிறவருக்கு அந்த 40 கிராம் சாயங்காலத்தில் தெரியும். உங்களுக்கு 100 மி.மீ. தேவையும் இல்லை. 60 மி.மீ. குழாய், முன்னால் 30 மி.மீ. விரல், பின்னால் 5 மி.மீ. அடைப்பு, மொத்தம் 95. முழுச் சாக்பீஸும் உள்ளே அடங்கிவிடும். இதைவிட நீளமாகச் செய்வதில் ஒரு தொந்தரவு இருக்கிறது. போர்டில் எழுதும்போது பேனாவைப் போலப் பிடிப்பதில்லை, வால்பகுதி உள்ளங்கைக்குக் கீழே ஒதுங்குகிற மாதிரி பிடிப்போம். நீளமான வால் மணிக்கட்டில் இடித்துக்கொண்டே இருக்கும்.

மூடி அவசியம், கிளிப் அந்த மூடியில்தான் இருக்க வேண்டும். உடம்பில் கிளிப் வைத்தால் ஒன்று அது விரலில் உறுத்தும், அல்லது பையில் வாய் கீழ்நோக்கி நின்று மாவையெல்லாம் பையின் அடியில் கொட்டும். மூடியில் கிளிப் என்றால் பழைய இங்க் பேனா போல வாய் மேல்நோக்கி நிற்கும், உதிர்வது மூடிக்குள்ளேயே இருக்கும். மூடியோடு சேர்த்து மொத்த நீளம் 110 மி.மீ. அளவில் நிற்கும். எழுதும்போது மூடியை வாலில் மாட்டாமல் மேசையில் வைத்துவிடட்டும். உடம்பு வட்டமாகவே இருக்கலாம், பிடியில் லேசான நர்லிங் (வழுக்காமல் இருக்கப் போடும் சன்னமான வரிகள்) போதும். சொரசொரவென்று வைத்தால் பள்ளங்களில் மாவு ஏறி வெள்ளைப் பட்டையாகவே நின்றுவிடும்.

செய்து முடித்தபின் சாக்பீஸை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதையும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மெல்லிய முனை உள்ளே போக வேண்டும், தடித்த முனை எழுத வேண்டும். கைப்பழக்கத்தில் பலர் மெல்லிய முனையால் எழுதுவார்கள். ஆனால் எழுதும் அழுத்தம் சாக்பீஸைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தடித்த முனை வெளியே இருந்தால், பின்னுக்குப் போகப் போகப் பருமன் கூடி ஆப்பு மாதிரி இறுகும். மாற்றிப் போட்டால் அதே அழுத்தம் பிடியைத் தளர்த்தும். ஒடியும் இடமான வாயின் விளிம்பில் தடித்த பகுதி இருப்பதும் நமக்கு லாபம். கோடு கொஞ்சம் தடிக்கும்தான். வடிவியல் படம் வரையும்போது ஹோல்டரை விரலுக்குள் அவ்வப்போது உருட்டிக்கொண்டே போனால் தேய்ந்த சரிவின் ஓரம் கூராகக் கிடைக்கும். உடம்பு வட்டமாக இருக்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெளியே விடுவதும் சுலபம். வளையத்தைப் பின்னுக்கு இழுத்து வாயைக் கீழே சாய்த்தால் சாக்பீஸ் சறுக்கி வரும், ஆள்காட்டி விரலை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து அதில் நிறுத்தி, வளையத்தைத் தள்ளினால் முடிந்தது. இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை செய்ய வேண்டியதில்லை, ஒரு சென்டிமீட்டர் தேய நேரம் பிடிக்கும். காது கூசும் அந்தக் கிறீச் சத்தமும் குறையும். சாக்பீஸ் போர்டில் ஒட்டியும் வழுக்கியும் மாறி மாறி நகர்ந்து அதிர்வதால் வருவது அது. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குட்டையாகி, மீதியை டெல்ரின் அணைத்துப் பிடித்திருக்கும்போது அதிர இடம் குறைவு. விரலில் பிடித்தால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே போனதும் தூக்கிப் போட்டுவிடுவோம். இதில் ஒன்றரை வரை ஓட்டலாம். அதற்கும் கீழே ஓட்ட வேண்டுமானால் பிடிக்கும் நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அப்போது உடைவது அதிகமாகும். ஒரு சென்டிமீட்டர் துண்டை மிச்சம்பிடிக்க அந்த விலை கொடுக்க வேண்டாம்.

3டி பிரிண்டரில் போட்டுக்கொள்ளலாமே என்றும் சிலர் கேட்பார்கள். உடம்பையும் மூடியையும் தாராளமாகப் போடலாம். விரல் பகுதியை மட்டும் அந்தப் பிரிண்டர்களில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் போடாதீர்கள். இறுக்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் அது மெல்ல அந்த வடிவத்துக்கே படிந்து, பிறகு திறக்காது. 60 டிகிரி பக்கம் இளகத் தொடங்கும் பொருள் வேறு, மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பி.இ.டி.ஜி. அல்லது நைலான் பரவாயில்லை. குழாயை நிற்க வைத்துப் போட்டால் அடுக்குகள் விரலுக்குக் குறுக்கே அமைந்து, வளையும்போது அடுக்கு பிரிந்து விரல் கையோடு வந்துவிடும். படுக்க வைத்துப் போட வேண்டும். உள்துளை அவ்வளவு வட்டமாக வராது, அதைச் சுருட்டிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மகளின் கிரேயானுக்கு இதையே கொடுக்கலாமா என்றால், பிடிக்கும், ஆனால் நான் கொடுக்க மாட்டேன். 1903-இல் எட்டு நிறமாக வந்த கிரேயோலாவின் வழக்கமான குச்சி 8 மி.மீ. தடிமன், 92 மி.மீ. நீளம். தடிமன் நம் வாய்க்குள் அடங்கிவிடும், நீளத்தில் ஒரு துண்டை உடைத்துப் போட வேண்டும். பொருளின் குணம்தான் வேறு. சாக்பீஸ் உடையும், மெழுகு நசுங்கும். இறுக்கிப் பிடித்த இடத்தில் மெழுகு மெல்ல உள்வாங்கி இடுப்பு விழும், பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும். குறுக்குப் பள்ளங்களில் மெழுகு அப்பிக்கொண்டால் பிரஷுக்கும் வராது. கிரேயானுக்கென்று செய்தால் பிடிக்கும் நீளம் 20 மி.மீ.க்குக் குறையாமல், உட்சுவர் வழவழவென்று, விரல்கள் மெதுவாக அணைக்கிற அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். குச்சியைச் சுற்றியிருக்கும் காகிதத்தைக் கிழிக்காமல் விட்டால் அதுவே நல்ல மெத்தை. ஆயில் பேஸ்டல் இன்னும் இளக்கமானது, அதற்கு இந்த வகைப் பிடியே வேண்டாம், காகிதத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது மேல்.

சின்னக் குழந்தை என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூடி, வளையம் இரண்டுமே வாயில் போகிற அளவுள்ள பொருள்கள். பேனா மூடிகளின் நுனியில் துளை இருப்பது, தவறி விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வரத்தான். அதற்கு ஐ.எஸ்.ஓ. 11540 என்று தரநிலையே இருக்கிறது. உங்கள் மூடியிலும் அப்படி ஒரு துளை போட்டுவிடுங்கள், மூன்று நான்கு வயதுக்காரி கைக்கு எட்டாமலும் வையுங்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர்கள் இரும்பில் கோடு போட வைத்திருக்கும் மாக்கல் ஹோல்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சட்டைப்பைக்கென்றே கிளிப்போடு வரும், உறுதியானது, தூசுக்கும் சூட்டுக்கும் அசராது. ஆனால் அது தட்டையான துண்டுக்கோ, கால் அங்குல உருண்டைத் துண்டுக்கோ செய்தது. 9 மி.மீ. சாக்பீஸ் அதில் நுழையாது. மரக்கடைகளில் மரத்தில் குறி போடும் தடித்த அறுகோணக் கிரேயானின் ஹோல்டரோ அரை அங்குலத்துக்குச் செய்தது, அதில் நம் சாக்பீஸ் ஆடும். நடுவில் இருக்கும் நம் அளவுக்குத்தான் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹோல்டரால் விரலில் மாவு படுவது நிற்கும், தோல் வறள்வது குறையும். ஆனால் வகுப்பறையில் பறக்கும் தூசியில் பெரும்பங்கு எழுதும்போது வருவதில்லை, டஸ்டரால் அழிக்கும்போதும் டஸ்டரைத் தட்டும்போதும் வருகிறது. ஈரத்துணியால் மேலிருந்து கீழாக அழிப்பதும், டஸ்டரை வகுப்புக்கு வெளியே தட்டுவதும் மூச்சுக்குச் செய்கிற உபகாரத்தை எந்த ஹோல்டரும் செய்யாது. இருமலும் சேர்ந்து தொந்தரவு என்றால் முதல் செலவை அந்தப் பக்கம் செய்யுங்கள்.

பட்டறையில் முதலில் டெல்ரின் விரல் பகுதியையும் வளையத்தையும் மட்டும் செய்யச் சொல்லுங்கள். குழாய், மூடி, கிளிப் எல்லாம் பிறகு. அந்த இரண்டை மட்டும் பள்ளிக்குக் கொண்டுபோய், அங்கே பெட்டியில் வரும் சாக்பீஸை, குறிப்பாக மழைக்காலத்தில் நமத்துப்போனதையும் சேர்த்து, மாட்டி எழுதிப் பார்க்கட்டும். வளையம் வழுக்கினால் சரிவைக் குறைக்க வேண்டும், வாயில் ஒடிந்தால் விளிம்பை இன்னும் உருட்ட வேண்டும், இறுகப் போதவில்லை என்றால் பிளவை அகலமாக்க வேண்டும். வேறெங்கும் கை வைக்கத் தேவை வராது.